தட்டு திரும்பி வரும் ஜன்னல்

ஓட்டல் முதலாளி என்றால் கல்லாவில் உட்கார வேண்டும். வாசலைப் பார்த்து ஒரு மேஜை, நன்றாகச் சாய்ந்துகொள்ள ஒரு நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி. வருகிறவர்களை "வாங்க வாங்க" என்று அழைக்கவும், போகிறவர்களிடம் "சாப்பாடு எப்படி" என்று கேட்டு அவர்கள் மரியாதைக்குச் சொல்லும் பொய்யை நம்பவும் அதைவிட வசதியான இடம் கிடையாது. சிஸ்டரின் கடையிலும் அப்படி ஒரு மேஜையும் நாற்காலியும் இருந்தன. முதல் சில வாரம் தவிர, அதில் சிஸ்டர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

அவர் இருந்தது பின்னால், சாப்பாட்டுக் கூடத்துக்கும் பாத்திரம் கழுவும் அறைக்கும் நடுவில் இருந்த சின்ன ஜன்னலோரம். சாப்பிட்டு முடித்த தட்டுகள் அந்த வழியாகத்தான் உள்ளே போகும். ஒவ்வொரு தட்டும் அவர் கண்ணைத் தாண்டித்தான் தொட்டிக்குள் இறங்க வேண்டும். அதற்குள் யாராவது அவசரப்பட்டு மிச்சத்தை வழித்துக் கொட்டிவிட்டால் அன்றைக்கு அவர்களுக்கு நல்ல பூசை. ஜன்னல் திட்டில் நீல அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று. டேபிள் நம்பர், நேரம், என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதி, அதற்கு நேரே 'முழுசு', 'பாதி', 'தொடலை' என்ற மூன்றில் ஒரு வார்த்தை.

சொந்தக் கடையில் எச்சில் தட்டுக்குக் காவல் நிற்கும் முதலாளியை ஊர் அதுவரை கண்டதில்லை. கேலி செய்யாத ஆள் இல்லை. சிஸ்டர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவருடைய சொந்தப் பெயர் கடைக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு நர்ஸாக இருந்தவர் என்பதால் எல்லோருக்கும் சிஸ்டர். வாசல் பலகையில் அவர் கணவர் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்த அழகான பெயர் ஒன்று எழுதியிருந்தது. அது ஒருவர் வாயிலும் நுழையவில்லை. 'சிஸ்டர் கடை' என்றே நின்றுவிட்டது. சமையலுக்குத் தலைமை மாஸ்டர். சிஸ்டரும் மாஸ்டரும் சேர்ந்து நடத்தினால் அது பள்ளிக்கூடமா, ஆஸ்பத்திரியா என்று புதிதாக வந்தவர்கள் கேட்பது உண்டு. உள்ளே வந்து ஒரு கிண்ணம் பருப்பு சூப் குடித்தபின் கேட்பதில்லை.

தட்டைப் பார்க்கும் பழக்கம் வார்டில் வந்தது. டாக்டர்கள் காய்ச்சலைப் பார்த்தார்கள், நாடியைப் பார்த்தார்கள். சிஸ்டர் அதோடு தட்டையும் பார்த்தார். "நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்று சிரிக்கிற மனிதர் ரொட்டியைத் தலையணைக்கடியில் ஒளித்திருப்பார். கறியை ஒரு ஓரமாக ஒதுக்கியிருந்தால் பல்வலி. வீட்டு ஆட்கள் வரும் நாளில் மட்டும் தட்டு காலியாக இருந்தால் அது வேறு வலி. பணி மாறும்போது அடுத்து வரும் நர்ஸிடம் ஒவ்வொரு கட்டிலாக ஒப்படைப்பார்களே, அப்போது மருந்து விவரத்தோடு தட்டு விவரத்தையும் சிஸ்டர் சொல்லாமல் விட்டதில்லை.

மாஸ்டர் அவருக்குக் கிடைத்ததும் அந்த வார்டில்தான். ஈரத் தரையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டு ஆறு வாரம் கிடந்தார். முப்பது வருஷம் அடுத்தவர் அடுப்பில் வெந்த மனிதர். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பார்த்து அவர் போட்ட கூச்சலில் பக்கத்துக் கட்டில்காரர்கள் வலியை மறந்தார்கள்.

"சிஸ்டர், இந்த சூப்பைச் செஞ்சவரை ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. அடிக்க மாட்டேன். கட்டிப் பிடிச்சு அழணும், அவ்வளவுதான்."

ஆறு வாரமும் அந்த சூப்பை எப்படிச் செய்ய வேண்டும் என்று அவர் படுத்தபடியே சொல்லிக்கொண்டிருந்தார். சிஸ்டர் ஒருநாள் வீட்டில் அதேபோல் செய்து ஃபிளாஸ்கில் கொண்டுவந்தார். மாஸ்டர் முகர்ந்தார், ஒரு கரண்டி குடித்தார், கண்ணை மூடிக்கொண்டார். "வெங்காயம் அரை நிமிஷம் அவசரப்பட்டிருக்கீங்க. ஆனா உங்களுக்குக் கை இருக்கு சிஸ்டர். நீங்க ஒரு கடை வைங்க, நான் வர்றேன்" என்றார். எல்லோரும் படுக்கையில் சொல்வதுதான். எழுந்து நடந்ததும் மறந்துபோவார்கள். மாஸ்டர் மறக்கவில்லை. சிஸ்டரும் மறக்கவில்லை.

நாற்பத்தெட்டு வயதில் வேலையை விட்டுவிட்டுக் கடை வைக்கிறேன் என்றபோது சொந்தக்காரர்கள் மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். கணவர் லிஃப்ட் மெக்கானிக், அளந்து பேசுகிறவர். அவர் மட்டும் ஒரே ஒரு விஷயம் சொன்னார்.

"அங்க சாப்பாடு பிடிக்கலைன்னா பேஷண்ட் எங்க போவாரு? கால்ல கட்டு போட்டிருக்கே. இங்க எழுந்து பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க. பார்த்துக்கோ."

பஸ் நிறுத்தத்தை ஒட்டி, பழைய செருப்புக் கடை இருந்த நீளமான இடம். பன்னிரண்டு டேபிள். முதல் மூன்று வாரம் ஈ ஓட்டினார்கள். வந்த நாலு பேரும் "பிரமாதம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. அப்போதுதான் சிஸ்டர் கல்லாவை விட்டு எழுந்து, பின்னால் போய், ஜன்னலில் நின்றார்.

ஒன்பதாம் டேபிளில் யார் உட்கார்ந்தாலும் சோறு பாதி மிச்சம். இரண்டு நாள் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தார். மின்விசிறி நேரே தட்டில் அடித்தது. நாலு வாய்க்குள் சோறு ஆறி விறைத்தது. விசிறியை மாற்றினார், மிச்சம் நின்றது. வயதானவர்கள் சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கிவைத்துக் குற்ற உணர்ச்சியோடு எழுந்து போனார்கள். அரைத் தட்டுச் சாப்பாடு வந்தது. உப்பு கூடாது என்று டாக்டர் சொன்னவர்கள் சூப்பைத் தொடவில்லை. அவர்களுக்காக அடுப்போரத்தில் உப்பே போடாமல் ஒரு சின்னப் பாத்திரம் ஏறியது. அதற்கு மாஸ்டர் வைத்த பெயர் சப்பைப் பாத்திரம்.

நாலாம் டேபிளில் தினமும் வந்து உட்கார்ந்த தபால்கார ஐயா கறித் துண்டுகளை இடப்பக்கம் தள்ளிவைத்திருந்தார். அடுத்த நாள் அவர் கேட்காமலேயே கறி பொடிப்பொடியாக நறுக்கி வந்தது. ஐயா தட்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். மறுநாள் பாதித் தபால் ஆபீஸைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஆறாவது மாதம் வாசலில் காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு போட்டார்கள். பத்தாவது மாதம் இன்னொரு பெஞ்சு. மதியக் கூட்டம் முடிந்து மாலைக் கூட்டம் தொடங்குமுன் ஐந்து மணிக்கு எல்லோரும் சமையலறையில் வரிசையாக நிற்பார்கள். சிஸ்டர் நோட்டைப் பிரிப்பார்.

"ஒண்ணாம் நம்பர் பெட், மீன் முழுசு, காய் பாதி."

"பெட் இல்ல சிஸ்டர், டேபிள்" என்று எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள்.

"சரி, டேபிள்" என்பார். இரண்டாவது நம்பரிலேயே மறுபடி பெட் ஆகிவிடும்.

ஆஸ்பத்திரிப் பழக்கத்தை ஓட்டலுக்குள் இழுத்து வருகிறாரே என்று நமக்குச் சிரிப்பு வரலாம். முன்பின் கடை நடத்திப் பழக்கமில்லாத ஒருவர், தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளாமல், தனக்குத் தெரிந்த ஒன்றையே பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். அதற்கு நெஞ்சில் உரம் வேண்டும்.

பதினாலாவது மாதம், ஒரு வாரம் காய்ச்சலில் படுத்திருந்து மாஸ்டர் திரும்பி வந்தார். முகம் வாடியிருந்தது, நடை பழைய நடைதான். வந்த சில நாளில் நாலாம் டேபிள் சூப் கிண்ணத்தில் இரண்டு விரல் மிச்சம் இருந்தது. ஜக்குத் தண்ணீர் காலி. தபால்கார ஐயாவுக்கு அன்றைக்குத் தாகம்போல என்று சிஸ்டர் எழுதிக்கொண்டார். மறுநாள் ஏழாம் டேபிளிலும் அதே இரண்டு விரல். அதற்கு மறுநாள் ஐந்து டேபிள்.

சிஸ்டர் உப்புப் பாக்கெட்டை மாற்றினார். பருப்பு வாங்கும் கடையை மாற்றினார். தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார். 'பாதி' குறையவில்லை. யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை என்பதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. குறை சொல்கிறவர்கள் நாளைக்கும் வருவார்கள். சிரித்துவிட்டுப் போகிறவர்களை நம்ப முடியாது.

ஒருநாள் மதியம் ஜன்னலில் நிற்கும்போது வெங்காயம் தீயும் வாடை வந்தது. எட்டிப் பார்த்தார். வாணலி தீய்ந்துகொண்டிருந்தது, அதிலிருந்து ஒரு முழத் தூரத்தில் மாஸ்டர் நிதானமாக கேரட் நறுக்கிக்கொண்டிருந்தார். அரை நிமிஷ அவசரத்தைப் படுக்கையில் கிடந்தே கண்டுபிடித்த மூக்கு. சின்ன மாஸ்டர் பாய்ந்து வந்து அடுப்பை அணைத்தார். இவர் மாஸ்டரின் அக்கா மகன், முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. ஆனாலும் சின்ன மாஸ்டர்தான்.

"பேச்சு சுவாரசியத்துல கவனிக்கல" என்றார் மாஸ்டர். அங்கே யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை.

அன்றிலிருந்து சிஸ்டர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். மாஸ்டர் சூப்பை ஒரு கரண்டி தானே ருசி பார்ப்பார். அடுத்த கரண்டியைச் சின்ன மாஸ்டரிடம் நீட்டுவார். "எப்படிடா இருக்கு?" இதுவரை அவர் வாழ்க்கையில் கேட்டிராத கேள்வி. கேட்டுவிட்டு மருமகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சின்ன மாஸ்டர் பிறந்ததிலிருந்து மாமா செய்த எதையும் குறை சொன்னதில்லை. "சூப்பர் மாமா" என்பார். மாஸ்டர் ஒரு கை உப்பை அள்ளி இன்னும் கொஞ்சம் போடுவார்.

சிஸ்டருக்குப் புரிந்துவிட்டது. காய்ச்சல் போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. மாஸ்டருக்கு அது தெரியும். தெரிந்தேதான் மறைக்கிறார்.

இப்போது என்ன செய்வது? சொன்னால் மனிதர் உடைந்துபோவார், ஒருவேளை போயே விடுவார். மாஸ்டர் போனால் கடை எங்கே இருக்கும்? சொல்லாவிட்டால் வாசல் பெஞ்சு ஒவ்வொன்றாகக் காலியாகும். நாமாக இருந்தால் ஒரு டீயை வாங்கிக் கொடுத்து, தனியே உட்காரவைத்து, இதுதான் விஷயம் என்று கேட்டிருப்போம். சிஸ்டருக்கு அது வரவில்லை. இருபத்திரண்டு வருஷப் பழக்கம் குறுக்கே நின்றது. வார்டில் கெட்ட செய்தி சொல்வது டாக்டர் வேலை. நர்ஸ் போர்வையைச் சரிசெய்துவிட்டு, "ஒண்ணுமில்ல, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு, சத்தம் போடாமல் ஆகவேண்டியதைச் செய்வார். சிஸ்டர் அதைத்தான் செய்தார்.

தினமும் நாலரை மணிக்கு மாஸ்டர் பின்வாசலில் கொஞ்சம் காற்றாட நிற்பது வழக்கம். அந்தப் பத்து நிமிஷத்தில் சிஸ்டர் சின்ன மாஸ்டரை எதையாவது எடுத்து வர அனுப்பிவிட்டுச் சமையலறைக்குள் போய், சப்பைப் பாத்திரத்திலிருந்து நாலைந்து கரண்டி மொண்டு பெரிய பாத்திரத்தில் ஊற்றிக் கலக்கி, ருசி பார்த்துவிட்டு ஜன்னலுக்குத் திரும்பிவிடுவார். மதியத்துக்கு வேறொரு சாக்கு சொல்லி உள்ளே வருவார். பருப்போடு பருப்பு, யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கிண்ணங்கள் காலியாகத் திரும்பி வந்தன. நோட்டில் 'முழுசு', 'முழுசு', 'முழுசு' என்று எழுதும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பத்தொன்பது நாள் இப்படியே ஓடியது.

ஆனால் மாஸ்டருக்குப் போனது மூக்கு மட்டும். கண் போகவில்லை. பெரிய பாத்திரத்தின் கைப்பிடியை உள்ளே பிடித்திருக்கும் மூன்று ஆணிகளில் கீழ் ஆணி வரைதான் அவர் சூப்பை நிறுத்துவார். இருபதாம் நாள் பின்வாசலிலிருந்து திரும்பி வந்தபோது அந்த ஆணி முழுகியிருந்தது. சப்பைப் பாத்திரத்தைப் பார்த்தார். யாரும் கேட்காத சூப் நாலு விரல் இறங்கியிருந்தது. அவர் திரும்பி வந்தபோது சமையலறையில் இருந்தது சின்ன மாஸ்டர் ஒருவர்.

ஐந்து மணிக்கு எல்லோரும் வரிசையில் நிற்கும்போது மாஸ்டர் வெடித்தார்.

"என் அடுப்புல கை வைக்கிற அளவுக்கு வளர்ந்துட்டியாடா நீ?"

"மாமா? நான் என்ன பண்ணினேன்?"

"ஆணி எங்க? காட்டு. ஆணி எங்கடா? நான் இறக்கி வச்ச சூப்பைக் கெடுத்து என்னைத் துரத்திட்டு நீ பெரிய மாஸ்டர் ஆகப் பார்க்கிறியா? கரண்டி பிடிக்கக் கத்துக் கொடுத்த எனக்கே குழி வெட்டுறியா?"

சின்ன மாஸ்டர், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா, எல்லோர் முன்னாலும் கண் கலங்க நின்றார். "சத்தியமா இல்ல மாமா" என்று மட்டும் சொன்னார். "கிளம்பு. நாளைலேர்ந்து வராதே" என்றார் மாஸ்டர்.

சிஸ்டர் கையில் நோட்டோடு நின்றிருந்தார். அந்த நேரத்தில் அவர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். மாஸ்டர் தங்கியிருப்பார், கடை தங்கியிருக்கும், சப்பைப் பாத்திர வேலையும் வேறு நேரத்தில் நடந்திருக்கும். ஊரில் எத்தனையோ முதலாளிகள் அப்படி ஒரு ஆளைக் காவு கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

"அவர் இல்ல மாஸ்டர். நான்தான். பத்தொன்பது நாளா நான்தான் ஊத்தினேன்."

மாஸ்டர் மெதுவாகத் திரும்பினார். "எதுக்கு?"

"உப்பு கூடுதலா இருந்துச்சு."

மாஸ்டர் முகத்தில் கோபம் இறங்கி, அதற்கடியில் இருந்த பயம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

"பத்தொன்பது நாளு" என்றார். "ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லத் தோணலையா சிஸ்டர்?"

இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, நாலாக மடித்து, சப்பைப் பாத்திரத்து மூடிமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலை சின்ன மாஸ்டர் தனியாகச் சமைத்தார். சிஸ்டர் ஜன்னலில் நின்றார், ஆனால் எழுத ஓடவில்லை. தொட்டியடியில் பாத்திரம் கழுவும் அக்கா நின்றிருந்தார். கடையில் எல்லோருக்கும் மூத்தவர் அவர்தான். நாலைந்து தட்டு கழுவிவிட்டு, தலையைத் தூக்காமல் சொன்னார்.

"மாஸ்டர் தட்டு ரெண்டு மாசமா அப்படியேதான் திரும்பி வருது சிஸ்டர். ரெண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பாரு. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்தத் தட்டைப் பார்க்கலையே."

"அதான். வேலைக்காரங்க தட்டு இந்த ஜன்னல் வழியா வர்றதில்லையே."

உண்மைதான். மூன்று மணிக்கு அவர்கள் பின்கட்டில் சாப்பிட்டுவிட்டு நேரே தொட்டியில் போடுவார்கள். ஊரார் தட்டையெல்லாம் ஒன்றுவிடாமல் படித்த சிஸ்டர், தனக்காகப் பதினாறு மாதம் அடுப்பில் வெந்தவரின் தட்டை ஒருநாளும் பார்க்கவில்லை. நோட்டு முழுக்கப் புரட்டினாலும் அங்கே பன்னிரண்டு டேபிள்தான் இருந்தது. சிஸ்டர் ஜன்னல் திட்டில் கையை ஊன்றிக்கொண்டு அழுதார். அக்கா தண்ணீர்க் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டார், கூடத்தில் கேட்கக்கூடாது என்று.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிஸ்டர் மாஸ்டர் வீட்டுப் படியேறினார். இரண்டாவது மாடி, ஒரு கூடம், ஒரு சமையலறை. கதவைத் திறந்த மாஸ்டரின் மனைவிக்கு முந்தின இரவுதான் விஷயம் தெரிந்திருந்தது.

"முப்பது வருஷமா என் சமையலைத் திட்டாத நாள் கிடையாது சிஸ்டர். ரெண்டு மாசமா ஒரு வார்த்தை சொல்லலை. மனுஷன் திருந்திட்டாருன்னு நான் பாட்டுக்குச் சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

மாஸ்டர் ஜன்னலோரம் பாயில் உட்கார்ந்திருந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. இத்தனை நாள் இது எப்படிக் கண்ணில் படவில்லை என்று சிஸ்டருக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"மன்னிச்சுக்கோங்க மாஸ்டர்" என்றார் முதலில். "உங்களைக் கேட்காம உங்களைப் பேஷண்ட் ஆக்கிட்டேன்."

"எதைச் சாப்பிட்டாலும் அட்டையை மெல்ற மாதிரி இருக்கு" என்றார் மாஸ்டர், எங்கேயோ பார்த்தபடி. "சமையல்காரனுக்கு மூக்கு போச்சுன்னா டிரைவருக்குக் கண்ணு போன மாதிரி. யாருகிட்ட போய்ச் சொல்றது?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

சிஸ்டர் யோசித்தார். பொய் சொல்ல மனம் வரவில்லை. "தெரியலை. முதல்ல பயந்திருப்பேன்" என்றார்.

அந்தப் பதில் மாஸ்டருக்குப் பிடித்திருந்தது என்பது அவர் திரும்பிப் பார்த்த விதத்தில் தெரிந்தது.

"டாக்டர்கிட்ட போலாம். நான் கூட வர்றேன். ஆனா உங்களை அடுப்புக்குக் கூப்பிட வரலை. ஜன்னலுக்குக் கூப்பிட வந்தேன்."

"தட்டு கழுவவா?" மாஸ்டர் குரல் உயர்ந்தது.

"என் இடத்துக்கு" என்றார் சிஸ்டர். நோட்டைப் பிரித்தார். "மூணாம் டேபிள், உருளைக்கிழங்கு பாதி. மூணு நாளா பாதி. பாதின்னு எனக்குத் தெரியும். ஏன்னு தெரியாது."

மாஸ்டர் நோட்டை ஓரக்கண்ணால் பார்த்தார். கடைசியில் மாஸ்டரால் பொறுக்க முடியவில்லை.

"மிச்சம் வச்ச துண்டு கரைஞ்சிருந்துச்சா, முழுசா இருந்துச்சா?"

"ஓரம் கரைஞ்சு, நடுவுல முழுசா."

"கடிச்ச இடம் பளபளன்னு இருந்துச்சா?"

"ஆமா."

"தண்ணி கொதிச்சப்புறம் கிழங்கைப் போட்டிருக்கான் மடையன். வெளிய குழைஞ்சு உள்ள வேகலை. பச்சைத் தண்ணியிலயே போட்டு அடுப்புல ஏத்தணும்னு நூறு தடவை சொல்லியிருக்கேன்." சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். இதைக் கண்டுபிடிக்க அவருக்கு மூக்கு தேவைப்படவில்லை என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

"அடுத்தது என்ன?" என்று கேட்டார், கொஞ்சம் அதட்டலாகவே.

மனைவி கொண்டுவந்து வைத்த டீ ஆறும்வரை சிஸ்டர் படித்தார், மாஸ்டர் சொன்னார். சிஸ்டர் ஒன்றரை வருஷம் எழுதிய நோட்டுக்கு அன்றைக்குத்தான் அர்த்தம் கிடைத்தது.

காது மூக்கு தொண்டை டாக்டர் பழைய ஆஸ்பத்திரிக்காரர், சிஸ்டருக்குத் தெரிந்தவர். நாக்கு சரியாக இருக்கிறது, வாசனை தெரியாததால் எல்லாம் சப்பென்று இருக்கிறது, அதனால்தான் உப்பைக் கூட்டியிருக்கிறார் என்றார். வாசனை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், மாதக்கணக்கில் ஆகும். எலுமிச்சை, கிராம்பு, காபித்தூள், ரோஜா என்று நாலு குப்பி வைத்துக்கொண்டு தினம் இருவேளை முகரச் சொன்னார். சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் 'ஒண்ணுமில்ல' என்று சொல்லவில்லை.

மாஸ்டர் திரும்பி வந்த நாள், ஐந்து மணி வரிசையில், மருமகன் முன்னால் போய் நின்றார். "எல்லார் முன்னாடியும் திட்டினேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன். தப்பு என்னோடது" என்றார். "விடுங்க மாமா" என்று சின்ன மாஸ்டர் நெளிந்தார். "விட மாட்டேன். இனிமே எப்படி இருக்குன்னு கேட்டா சூப்பர்னு சொல்லாதே. வாயில என்ன தெரியுதோ அதைச் சொல்லு. உன் சூப்பரை நம்பித்தான் நான் உப்பைக் கொட்டினேன்." எல்லோரும் சிரித்தார்கள். சின்ன மாஸ்டர் அதிகமாகச் சிரித்தார்.

அதன்பிறகு ஜன்னலில் மாஸ்டர் நின்றார். திட்டின்மேல் நாலு குப்பி, நீல நோட்டு. ஒரு தட்டைச் சாய்த்துப் பார்த்தே அடுப்பில் என்ன நடந்தது என்று உள்ளே குரல் கொடுப்பார். மீனைப் பொறுமையில்லாமல் திருப்பிப் போட்டது, காயை மூடிவைத்து நிறம் கெடுத்தது, எல்லாம் தட்டில் எழுதி வைத்தாற்போல் அவருக்குத் தெரிந்தது. சின்ன மாஸ்டர் கை தேறியது. தபால்கார ஐயா ஒருநாள் சூப்பைக் குடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துத் தலையாட்டினார். வாசலில் மூன்றாவது பெஞ்சு போட இடம் தேடினார்கள்.

சிஸ்டர்? கல்லாவுக்குப் போனார். ஒன்றரை வருஷம் காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார அவருக்குத் தெரியவே இல்லை. நுனியில் உட்காருவார், எழுந்துவிடுவார், கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பார். தான் கண்டுபிடித்த இடம், தன் கடையைத் தூக்கி நிறுத்திய இடம். விட்டுக்கொடுத்துவிட்டு ஏங்கினார். கணவர் ஒருநாள் சாப்பிட வந்து அவரைப் பார்த்துவிட்டு, "லிஃப்டுல மாட்டிக்கிட்டவங்க முகம்கூட இதைவிடத் தெளிவா இருக்கும்" என்றார்.

ஆனால் மூன்று மணிக்கு அவர் தவறாமல் பின்கட்டுக்குப் போய்விடுவார். வேலை செய்கிறவர்களோடு உட்கார்ந்து, மாஸ்டருக்கு எதிரே தட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிடுவார். சாப்பிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. தட்டைக் குனிந்து பார்த்ததும் இல்லை. அவர்கள் தட்டும் இப்போது ஜன்னல் வழியாகத்தான் தொட்டிக்குப் போனது.

ஒப்படைப்பு மட்டும் இன்னும் சிஸ்டருடையது. மாஸ்டர் எழுதியதை அவர் படிக்க வேண்டும். நாலாவது வாரத்தில் ஒருநாள் ஐந்து மணிக்கு நோட்டைப் பிரித்தார். வழக்கம்போல் பெட் என்றார், வழக்கம்போல் அவர்கள் டேபிள் என்று பாடினார்கள். பன்னிரண்டு வரை வந்துவிட்டு மூடப் போனவர் நின்றார். கீழே கோடு போட்டு, மாஸ்டரின் கோணல் எழுத்தில் இன்னொரு வரி இருந்தது.

"பதிமூணாம் நம்பர் பெட்" என்று படித்தார்.

இந்தமுறை யாரும் திருத்தவில்லை. மாஸ்டர் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிஸ்டர் மீதியைப் படித்தார்.

"மாஸ்டர். வாசனை இன்னும் வரலை. சாப்பாடு முழுசு."